முதல்கேள்வி வாங்கிய குதிரை

தென்காசியில் அந்தக் காலத்தில் அவர் இல்லாமல் எந்த ஏலமும் தொடங்கியதில்லை. எந்த ஏலத்திலும் அவர் எதையும் வாங்கியதில்லை. இப்படி ஒரு மனிதர் உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இருந்திருக்க முடியாது என்று நான் அடித்துச் சொல்வேன். ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே ஓர் ஆபீசில் குமாஸ்தா. ஏலம் விடுவது என் பொறுப்பு. புளியமரத்து மகசூல், சந்தைக் கடை, குற்றாலத்துச் சீசன் கடைகளுக்கான இடம், காற்றில் சாய்ந்த மரம் என்று மாதத்தில் ஏதாவது ஒன்று ஏலத்துக்கு வந்துகொண்டே இருக்கும். ஏலத்தில் விலை சொல்வதைக் 'கேள்வி' என்போம். முதல் கேள்வி எப்போதும் அவருடையது. அதனால் அவருக்குப் பெயரே முதல்கேள்வி. பெற்றோர் வைத்த பெயர் அவருடைய மனைவிக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்துப் பெண்ணாகையால் அவர் அதை வாயால் சொல்லமாட்டார்.

முதல் கேள்வி அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் ஏலம் பார்த்திராதவர்கள். ஏலத்துக்கு வருகிற எல்லாரும் வாங்கத்தான் வருகிறார்கள். ஆனால் முதலில் வாய் திறக்கிறவன் ஆசைப்பட்டவன் என்று தெரிந்துவிடும். ஆசை தெரிந்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவன் வேண்டுமென்றே விலையை ஏற்றிவிடுவான். ஆகையால் எல்லாரும் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு, மழைக்கு ஒதுங்கியவர்களைப் போல நிற்பார்கள். எங்கள் பியூன் மாடசாமி தொண்டை கட்டும்வரை கத்துவான். பதில் வராது. இந்த மௌனத்தை உடைக்க விதிகளில் வழி எதுவும் சொல்லப்படவில்லை. நான் தேடியிருக்கிறேன்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து மெல்லிய குரல் ஒன்று ஒரு தொகையைச் சொல்லும். ஒல்லியான நெடிய உருவம், கழுத்தில் தையல்காரர் அளவெடுக்கும் டேப். அவர் சொன்னதும் மடை திறந்தாற்போல மற்றவர்கள் கேட்கத் தொடங்குவார்கள். அவர் டேப்பை ஒழுங்கு செய்துகொண்டு கடைக்குத் திரும்பிவிடுவார். வாங்கும் எண்ணம் இல்லாமல் விலை கேட்பது முறையா என்று புதிதாக வந்த ஒரு மேலதிகாரி என்னிடம் விசாரித்தார். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை என்று பணிவுடன் சொன்னேன். விதிகளை எழுதியவர்களுக்கு இப்படி ஒருவர் பிறப்பார் என்று தோன்றியிருக்காது.

ரதவீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருடைய தையல் கடை. தாலுகாவில் காக்கி உடுத்திய பியூன், போலீஸ்காரர், தபால்காரர் எல்லாருக்கும் அவர்தான் தைத்தார். அவர்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். சட்டை முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். யாருக்குத் தைத்தாலும் வளர்த்திக்கு என்று கொஞ்சம் விட்டுத் தைப்பது அவர் கொள்கை. ஓய்வு பெறவிருந்த ஒரு ஹெட் கான்ஸ்டபிள் ஒருநாள் கடைக்கு வந்து சண்டை பிடித்தார்.

"என்னவே இது, உள்ள இன்னொருத்தன் வந்து குடியிருக்கலாம் போலிருக்கு."

"சதை போடும்போது என்னைய நெனைப்பீரு."

"இந்த வயசுக்கு மேல எனக்கு எங்கவே சதை போடும்?"

"மனுசன் நம்பிக்கையா இருக்கணும் ஏட்டையா."

ஏலத்தில் எதற்காக இப்படி வலியப் போய் வாய் கொடுக்கிறார் என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். பித்தான் தைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்க சித்தப்பா வீட்டுச் சாமான ஜப்தி பண்ணி வாசல்ல வச்சு ஏலம் விட்டாவ தம்பி. அண்டா, குத்துவிளக்கு, கட்டிலு. தெருவே நிக்கி. ஒருத்தன் வாயத் திறக்கல. எங்க சித்தி கதவு மறைவுல நின்னு பாக்கா. சாமான் போனதுகூட அவளுக்குப் பெரிசில்ல. இத்தன பேரு நின்னு ஒருத்தனும் ஒண்ணுமே சொல்லாம இருந்தாம் பாத்தியா, அதான் அவளால தாங்க முடியல. கொறச்ச வெலன்னாலும் யாராவது ஒண்ணு சொல்லணும்லா."

தைத்து முடித்த பித்தானை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம். குதிரை. தென்காசி ரயில் நிலையத்து வாசலில் குற்றாலம் போகும் ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். அவர் அந்த வழியாக வரமாட்டார். சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனாலும் நடந்துதான். வழியில் ஜட்கா மணிச் சத்தம் கேட்டால் சாலையை விட்டு வயலில் இறங்கிவிடுவார். நாற்று நட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் அவரை வரவேற்றுப் பழகியிருந்தார்கள். சின்ன வயதில் எதுவும் உதைத்ததா, கடித்ததா என்று விசாரித்தேன்.

"ஒண்ணுங் கிடையாது. மூஞ்சி நீளமா இருக்கு. உள்ள என்ன நெனைக்குதுன்னு தெரியமாட்டேங்கு."

அந்த வருஷம் சாரல் தொடங்கியபோது சுந்தரபாண்டியபுரத்து விவசாயி ஒருவர் ஒரு குதிரையை ஓட்டிக்கொண்டு வந்து பவுண்டில் விட்டார். பயிரை மேய்ந்த மாடு ஆடுகளை அடைத்து வைக்கும் பட்டிக்குப் பவுண்டு என்று பெயர். குதிரை வருவது அபூர்வம். இது பெட்டைக் குதிரை. குளிப்பாட்டினால் வெள்ளை என்று சொல்லலாம். வயதாகி, முன்னங்கால் ஒன்று சற்றுத் தாங்கி நடந்தது. எந்த ஜட்காக்காரனோ இனி உதவாது என்று அவிழ்த்து விட்டிருக்கிறான். முறைப்படி தமுக்கு அடித்து அறிவித்தோம். சொந்தக்காரன் தமுக்குச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வீட்டில் சாப்பிட்டிருப்பான். உரிய கெடு முடிந்ததும் ஏலத்துக்கு நாள் குறித்தேன்.

அந்தச் சமயம் ஊரில் ஒரு சர்க்கஸ் முகாமிட்டிருந்தது. அதன் மேனேஜர் மலையாளி. வெள்ளை வேட்டி, கையில் குடை, முகத்தில் மாறாத சிரிப்பு. அவர் ஏலத்துக்கு வந்து நின்றார். நொண்டிக் குதிரைக்குச் சர்க்கஸில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அங்கே இரண்டு சிங்கங்கள் இருந்தது எல்லாருக்கும் தெரியும்.

குதிரை நடுவில் நின்றது. சுற்றிலும் கூட்டம். மெல்லிய சாரல். மாடசாமி கூவினான். யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றைய மௌனம் வழக்கமான மௌனம் அல்ல. ஆசையை மறைத்துக்கொண்டு நிற்பதற்கும் உண்மையாகவே வேண்டாமென்று நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் ஏலம் விட்டுப் பழகியவனுக்குத் தெரியும். முதல்கேள்வி கூட்டத்துக்கு வெகுதூரத்தில் ஒரு வேப்பமரத்தின் பின்னால் பாதியாகத் தெரிந்தார். குதிரை தலையைத் தூக்கி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது. எல்லாரும் மலையைப் பார்த்தார்கள்.

மரத்தின் பின்னாலிருந்து அந்தத் தொகை வந்தது. குரல் பாதியில் உடைந்து, இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.

சர்க்கஸ் மேனேஜர் வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற ஜட்காக்காரர் ஒருவர் அவர் காதில் ஏதோ சொன்னார். மேனேஜர் வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகலமாயிற்று.

"ஒரு தரம்," என்றான் மாடசாமி. நெடுநேரம் காத்திருந்தான். "ரெண்டு தரம்." இரண்டாவது தரத்துக்கும் மூன்றாவது தரத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் விடலாம் என்று விதி எதுவும் இல்லை. அவன் என்னைப் பார்த்தான். நானும் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தேன். வேறு கேள்வி வரவில்லை.

"மூணு தரம்."

முதல்கேள்வி மெதுவாக என்னிடம் வந்தார். குதிரைக்கும் அவருக்கும் நடுவில் நான் இருக்குமாறு பார்த்துக்கொண்டார்.

"தம்பி, யாராவது மேல கேப்பாவன்னுல்லா நெனைச்சேன்."

"கேக்கலயே அண்ணாச்சி. இப்ப அது உங்க குதிரை."

"வேண்டாம்னு சொன்னா?"

"உங்க பொறுப்புல மறுபடி ஏலம் விடுவோம்."

"அப்ப யாரு எடுப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் மேனேஜரே குடையை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். "சேட்டனுக்குப் பேடி உண்டு இல்லே? பயம், பயம். சாரமில்ல, பரவாயில்ல. ரெண்டு நாளு வச்சுப் பாக்கட்டே. முடியல்லேன்னா நம்மகிட்ட தரலாம். நமக்கு ஒரு தெரக்கும் இல்ல, அவசரமே இல்ல. சிங்கம் எங்கயும் போகாது."

கெட்ட மனிதர் அல்ல. சிங்கத்துக்கும் பசிக்கும், அதைப் பார்த்துக்கொள்வது அவருடைய உத்தியோகம். முதல்கேள்வி அவரைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். பிறகு என் காதருகே வந்து, "நீளமா ஒரு கயிறு கிடைக்குமா தம்பி?" என்றார்.

கிடைத்தது, கிணற்றுக் கயிறு. அவர் ஒரு தெருமுனையில் திரும்பும்போது குதிரை முந்தின தெருமுனையில் இருந்தது. முன் தெருவில் இருந்தவர்கள் முதல்கேள்வி ஏன் வெறும் கயிற்றை இழுத்துக்கொண்டு போகிறார் என்று யோசித்தார்கள். பின் தெருவில் இருந்தவர்கள் இந்தக் குதிரை யாருடைய துணையுமில்லாமல் இத்தனை ஒழுங்காக எங்கே போகிறது என்று யோசித்தார்கள். இடையில் சைக்கிளில் வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கயிற்றில் சிக்கி விழுந்து, எந்தப் பக்கம் பார்த்துத் திட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திட்டினார்.

வீட்டின் பின்புறம் ஒரு பழைய மாட்டுக் கொட்டில் இருந்தது. குதிரையை அங்கே கட்டியவர் அவருடைய மனைவி. எனக்கு மதினி முறை வைத்துக் கூப்பிட்டுப் பழக்கம். மதினிக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. பாம்பை விளக்குமாற்றால் ஒதுக்கிவிட்டு வாசல் தெளிப்பவர். குதிரையின் தாடையில் ஒரு தட்டுத் தட்டி, "நில்லுட்டி மூதி" என்றார். அது நின்றது. முதல்கேள்வி அடுக்களைச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவங்களக் கோவப்படுத்தாத" என்றார். குதிரையை அவர் நீங்க, வாங்க என்றுதான் பேசினார். மரியாதை குறைந்தால் உதைத்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

கிணறு கொட்டிலுக்கு அந்தப் பக்கம். ஆகவே அவர் அன்றிலிருந்து வீட்டில் குளிப்பதை விட்டுவிட்டார். விடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்துவிடுவார். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், யாரோ டாக்டர் அருவிக் குளியல் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று எண்ணி, என்ன வியாதி என்று அனுதாபமாக விசாரித்தார்கள்.

நானும் என்னால் ஆன உதவியைச் செய்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் அதிகாரிகள் குதிரையில் முகாம் போனபோது வைத்திருந்த பராமரிப்புக் கையேடு ஒன்று ஆபீஸ் அலமாரியில் இருந்தது. அதை வாசித்துவிட்டுப் போய், குதிரையை எப்போதும் இடப்புறமாகத்தான் அணுக வேண்டும் என்று சொன்னேன்.

"எனக்கு இடதா, அதுக்கு இடதா?"

"அதுக்கு."

"எதித்தாப்புல நின்னு பாக்கும்போது அது எனக்கு வலதுல்லா?"

"ஆமா."

"அது திரும்பிட்டுன்னா?"

கையேட்டில் அதற்கு விளக்கம் இல்லை. அவர் குதிரையின் இடப்புறத்தைத் தேடிக் கொட்டிலைச் சுற்றினார். குதிரையும் இவர் யார் என்று பார்ப்பதற்காகத் தானும் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் கயிறு முழுவதும் தூணில் சுற்றிக்கொண்டு, குதிரை தூணோடு ஒட்டிக்கொண்டது. மதினி வந்து இரண்டு பேரையும் ஒரே வார்த்தையில் திட்டிவிட்டுக் கயிற்றைப் பிரித்தார்.

சர்க்கஸ் மேனேஜர் மாலைகளில் அந்தத் தெரு வழியாக உலாவப் போனார். கடைவாசலில் நின்று, "குதிரைக்குச் சுகம்தானே சேட்டா?" என்பார். "சுகம்" என்பார் முதல்கேள்வி, தலையைத் தூக்காமல். "கொஞ்சம் சதை வச்சிட்டுத் தந்தாலும் நமக்குச் சந்தோஷம்தான்" என்பார் அவர். இவர் மிஷினை வேகமாக மிதிப்பார். தபால்காரர் ஒருவருடைய கால்சட்டை அப்படித்தான் அந்த வாரம் மார்புவரை தைக்கப்பட்டது.

மதினியின் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று வாசுதேவநல்லூரிலிருந்து ஆள் வந்தபோதுதான் விஷயம் முற்றியது. மதினி துணிப்பையைக் கட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். நான் அங்கே இருந்தேன்.

"இந்தா பாருங்க. நான் வர எத்தன நாளாகும்னு தெரியாது. நீங்க கிட்டப் போயி அதுக்குத் தண்ணி வைக்கணும், புல்லுப் போடணும், சாணி அள்ளணும். சன்னல்ல நின்னு கும்பிடு போட்டா அது வயிறு நெறையாது. முடியலன்னா இப்பவே சொல்லிருங்க. அந்த மலையாளத்தான்ட்டக் குடுத்திருவோம். பட்டினி போட்டுக் கொல்லுததுக்கு அது எவ்வளவோ மேல்."

"நான் பாத்துக்கிடுதேன்."

"எப்படி?"

"எப்படியோ."

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, உங்க புஸ்தகத்துல இதுக்கு என்ன போட்டிருக்கு?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எப்படியோ என்பது முதலில் ஒரு மூங்கில் கழியாக இருந்தது. வாளியைக் கழியின் முனையில் மாட்டி, சன்னல் வழியாகத் தள்ளினார். வாளி போய்ச் சேர்ந்தது. தண்ணீர் வழியிலேயே தங்கிவிட்டது. புல்லுக்கட்டைக் கூரை மேலிருந்து வீசினார். அது குதிரையின் முதுகில் விழுந்து, தன்னுடைய சாப்பாடு தன் முதுகில் இருப்பது தெரியாமல் அது வெறுந்தரையை முகர்ந்துகொண்டிருந்தது. ஆபீசுக்குப் போகும் வழியில் நான் நுழைந்து வாளியை நகர்த்திக் கொடுத்தேன். "நீ வச்சா கணக்கில்ல தம்பி" என்றார். "நான் வைக்கணும்."

அன்றைக்கு நல்ல சாரல். மலை தெரியவில்லை. மேற்கிலிருந்து காற்று கொட்டிலுக்குள் நேராக அடித்தது. கூரை ஓட்டை. குதிரை நனைந்து, ஒடுங்கி, முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. பிறகு இருமியது. குதிரை இருமி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெரிய மனிதர் ஒருவர் கல்யாண வீட்டில் யாரும் கவனிக்கவில்லையே என்று இருமுவது போல இருந்தது.

முதல்கேள்வி சன்னலை விட்டு நகர்ந்தார். கடைக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். லாரிக்குப் போடும் தார்ப்பாயில் மீந்த துண்டு ஒன்றையும் காக்கித் துணிச் சுருளையும் கொண்டுவந்து போட்டார்.

"அங்கி தைக்கப் போறேன்."

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான். வெளிய தார்ப்பா, உள்ள காக்கி. நாலு எடத்துல நாடா."

"அளவு?"

அவர் கழுத்திலிருந்த டேப்பைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்து, அது வராமலிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தவர் போல இருந்தது. கண்ணளவில் வெட்டிவிடலாமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், கணக்குக் காட்டாமல் செலவெழுதச் சொன்னவனை நான் எப்படிப் பார்ப்பேனோ அது இருந்தது. கலெக்டருடைய பியூனுக்குக்கூட அளவெடுக்காமல் அவர் துணியை வெட்டியதில்லை.

கதவைத் திறந்துகொண்டு கொட்டிலுக்குள் போனார். நான் கூடவே போய் வாசலில் நின்றேன். குதிரை தலையைத் திருப்பிப் பார்த்தது. அவர் நின்றார். பிறகு, கடையில் ஆயிரம் பேரிடம் சொன்னதையே சொன்னார்.

"நேரா நில்லுங்க. கீழ குனியாதீங்க. ஆங், அப்படித்தான்."

முதுகு நீளத்தைக் கழுத்திலிருந்து எடுத்தார். டேப் மட்டும் குதிரையின் மேல் பட்டது, விரல் படவில்லை. வாலருகே போகும்போது கண்களை மூடிக்கொண்டு எடுத்தார். அளவை எனக்குச் சொன்னார். மறுபடி சரிபார்த்தார், இந்தத் தடவை கண்ணைத் திறந்து. பிறகு வயிற்றுச் சுற்றளவு. டேப்பை அடிவயிற்றுக்குக் கீழே விட்டு அந்தப் பக்கம் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயுமாகக் குதிரையைக் கட்டிப் பிடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்கு வேறு வழி எந்தக் கையேட்டிலும் இல்லை.

பிடித்தார். கன்னம் குதிரையின் ஈரமான விலாவில் ஒட்டியிருந்தது. டேப்பின் தொங்கிய முனை நடுங்கிக்கொண்டிருந்தது. அது அவருடைய நடுக்கமா, குதிரையின் நடுக்கமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவராலும் சொல்ல முடிந்திருக்காது.

டேப்பை இறுக்கியபோது குதிரை மூச்சை இழுத்து வயிற்றை ஊதிக்கொண்டது. சேணம் கட்டிப் பழகிய குதிரைகள் அப்படிச் செய்யும். வார் இறுகாமல் இருக்க அவற்றின் தந்திரம். டேப் அவர் கையிலிருந்து நழுவியது. அவர் மறுபடி பிடித்தார். அது மறுபடி ஊதியது. அவர் தலையைத் தூக்கி அதன் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, இத்தன வருசமா அளவெடுக்கேன். டேப்பக் கண்டா எல்லாப் பயலும் வயித்த உள்ள இழுத்துக்கிடுவான். வெளிய தள்ளுன மொத ஆளு இவதான்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க டேப்பைப் பிடிக்க முடியவில்லை. "ஏட்டி, மூச்ச விடுட்டி. உன் நன்மைக்குத்தான் சொல்லுதேன். விடு மூச்ச." விலாவில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு தட்டிய கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். குதிரை மூச்சை விட்டது. அளவு கிடைத்தது.

மாலையில் மேனேஜர் வந்தபோது அங்கி பாதி தைத்தாகிவிட்டது. மறுநாள் வந்தபோது குதிரை வாசலில் நின்றிருந்தது. உடம்பு முழுக்கத் தார்ப்பாய், கழுத்தில் காக்கிப் பட்டி, வளர்த்திக்கு என்று தாராளமாக விட்டதில் இரண்டு பக்கமும் தரையைத் தொட்டுக்கொண்டு. மேனேஜர் குடையை இடுக்கிக்கொண்டு அதற்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"சேட்டா, இது குதிரையோ, இன்ஸ்பெக்டரோ?"

"குதிரைதான்." முதல்கேள்வியின் கையில் கயிறு இருந்தது. கையில் பிடிக்கிற அளவுக்குச் சின்னக் கயிறு. "நீங்க வேற எடம் பாத்துக்கிடுங்க."

"பேடி எல்லாம் போயோ?"

"போகல. அது பாட்டுக்கு ஒரு ஓரமா நிக்கட்டும். எனக்கு வேல இருக்கு."

மேனேஜர் கொஞ்சநேரம் குதிரையைப் பார்த்தார். பிறகு கைநீட்டி அதன் நெற்றியைத் தடவினார். "நல்லது" என்றார். அந்த ஒரு வார்த்தையை மலையாளத்தில் சொன்னாரா தமிழில் சொன்னாரா என்று எனக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தத் தெருவுக்கு வரவில்லை.

வாசுதேவநல்லூரிலிருந்து திரும்பி வந்த மதினி நேராகப் பின்பக்கம் போனார். வாளியில் தண்ணீர் இருந்தது, புல் இருந்தது, தரை கூட்டியிருந்தது. மிஷின் அடுக்களைச் சன்னலுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. "கடைய எதுக்கு வீட்டுக்குக் கொண்டாந்திய?" என்று கேட்டார். "மிஷின் சத்தம் கேட்டா அது நல்லாத் தூங்குது" என்றார் இவர். மதினி என்னிடம் பிறகு சொன்னார், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன்னுடைய தூக்கத்தைப் பற்றி அந்த மனிதர் ஒருநாளும் விசாரித்ததில்லையாம். குறையாகத்தான் சொன்னார். ஆனால் முகம் அப்படி இல்லை.

அதற்குப் பிறகு குற்றாலம் சாலையில் காலையில் இரண்டு பேர் நடந்து போனார்கள். ஜட்காக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

"அண்ணாச்சி, குதிர வச்சிருக்கிய, ஏறித்தான் போனா என்ன?"

"கஸ்டமர் மேல எந்தத் தையக்காரன்வே ஏறுவான்?"

அவர் கடைசிவரை அதன்மேல் ஏறவில்லை. வண்டியும் கட்டவில்லை. அருவியிலிருந்து வழிந்து வரும் ஓடையில் அதைக் குளிப்பாட்டி, அது வெள்ளைதான் என்று நிரூபித்தார். நாளாக ஆகக் குதிரைக்குச் சதை போட்டது. அங்கி சரியாகப் பொருந்தியது. வளர்த்திக்கு விட்டதை வீணாக்காத ஒரே வாடிக்கையாளர் அதுதான் என்று போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் பேச்சு.

எனக்கு வடக்கே வெகுதூரத்தில் ஓர் ஊருக்கு மாற்றல் வந்தது. பதவி உயர்வுதான். ஆனால் அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. பேச்சும் சாப்பாடும் வேறு. போகிற நாள் நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குக் காரணம் வெயில் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். சாரல் காலத்தில் அதை யாரும் நம்பவில்லை.

வழியனுப்ப முதல்கேள்வி ரயில் நிலையத்துக்கு வந்தார். குதிரையோடு வந்தார். பிளாட்பாரத்துக்குள் விலங்குகளைக் கொண்டுவருவது பற்றி என்ன விதி, யாருடைய அனுமதி வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஸ்டேஷன் மாஸ்டரும் என்னைப் போலவே அன்றைக்கு அதை மறந்திருந்தார். அவருடைய சட்டையும் இவர் தைத்ததுதான்.

"புது எடம்னா மொதல்ல அப்படித்தான் இருக்கும் தம்பி," என்றார் அவர். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் என் சட்டைக் காலரைச் சரி செய்தார். "கொஞ்சம் பெருசாத்தான் தச்சிருக்கேன். நல்லாச் சாப்பிடு."

இன்ஜின் கரிப்புகையோடு உள்ளே வந்து ஊதியது. குதிரை மிரண்டு காதை மடக்கியது, பின்வாங்கியது. கூட்டம் விலகி ஓடியது. முதல்கேள்வி ஓடவில்லை. இன்ஜினுக்கும் குதிரைக்கும் நடுவில் போய் நின்றார். தோள் துண்டால் அதன் கண்ணை மறைத்து, அதன் நீள முகத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வண்டி நகர்ந்தது. சன்னல் வழியாக அவர் குரல் மட்டும் கேட்டது.

"ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்லா."

அது குதிரையிடம் சொன்னது. இருந்தாலும், அந்த ஊர் போய்ச் சேரும்வரை எனக்கு அது போதுமானதாக இருந்தது.